கொம்பனித்தெருவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

 

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவது பற்றிப் பேச்சு நடக்கிறது. எங்கே போகலாம் என்று கேட்க முதலே பிள்ளைகள் பட்டியலை நீட்டுகிறார்கள். தாமரைக் கோபுரம், பேரை வாவியில் அன்னப் படகு, லிப்டும் நகரும் படியும் உள்ள பெரிய மோல், பார்க் வீதிப் பக்கம் பழைய களஞ்சியங்களைத் திருத்திக் கட்டிய சாப்பாட்டுக் கடைகள். எல்லாம் போனில் பார்த்தவை. புளியங்குளத்துப் பிள்ளை அதை ஆசைப்படக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. போகட்டும், படகும் ஓடட்டும்.

ஆனால் அந்தப் பட்டியலை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எல்லாம் பேரை வாவியைச் சுற்றி, கொம்பனித்தெருவிலும் அதன் ஓரத்திலும்தான் விழுகின்றன. இன்றைக்குக் கொழும்பில் ‘போக வேண்டிய இடம்’ என்று சொல்லப்படுகிற அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அண்மைக்காலம் வரை இருந்த பெயர் ‘ஸ்லேவ் ஐலன்ட்’. அடிமைத் தீவு. இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது, “அங்க ஆர் அடிமையா இருந்தது?” என்று. ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறோம். பெற்றாரும் வாசிக்கலாம்.

முதலில் ‘கொம்பனி’ என்ற சொல். இது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியைக் குறிக்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். 1602 இல் ஒல்லாந்து வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது. பெயர்தான் வியாபாரக் கம்பனி. அதற்குச் சொந்தப் படை இருந்தது, கோட்டை இருந்தது, நீதிமன்றமும் சிறையும் இருந்தன. 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணம். வன்னியை அவர்கள் உடனே விழுங்க முடியவில்லை. வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. கொடுக்காமல் இழுத்தடித்த வன்னியரும் உண்டு. எங்கள் காடுகளில் பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கே விற்கப்பட்டுக் கப்பலேறின. வாங்க வந்த இந்திய வியாபாரிகளில் முஸ்லிம்கள் பலர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆக, கொம்பனித்தெருவின் கொம்பனி எங்களுக்கு அந்நியமான பெயரல்ல. இங்கிருந்து யானையைக் கொண்டுபோன அதே கொம்பனி, வேறு கரைகளிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்தது.

எங்கிருந்து? இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற தமிழர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். கோட்டை கட்டியது, துறைமுகத்தில் சுமந்தது, கறுவா ஏற்றியது, அதிகாரிகளின் வீட்டில் சமைத்தது எல்லாம் அவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டைக்குள் அடிமைகள் ஓர் ஒல்லாந்த அதிகாரியையும் அவர் மனைவியையும் கொன்றதாகவும், அதற்குப் பிறகுதான் இரவில் எல்லாரையும் வாவிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்ததாகவும், தப்பி நீந்தாதபடி வாவியில் முதலைகள் விடப்பட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதலைக் கதை எவ்வளவு உண்மையோ, தினமும் பொழுதுபட ஆட்களை எண்ணி அக்கரைக்கு அனுப்பிய ஏற்பாடு அந்த இடத்தின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. இன்று அன்னப் படகு ஓடுகிற தண்ணீர்தான் அன்றைக்குச் சிறைச் சுவர்.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியர் நிறுத்திவிடக்கூடாது என்று நினைக்கிறோம். அடிமை வைத்திருந்தது ஒல்லாந்தன் மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அது பொய். யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையில், சீதனம், முதுசம் பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றியும் விதிகள் உண்டு. மனிதரை யார் யாருக்குக் கொடுக்கலாம், யாருடைய பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று சட்டம் பேசியது எங்கள் வடக்கிலும்தான். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல். எங்கள் பூட்டன்மாருக்குப் பூட்டன் காலம். அவ்வளவு தூரமில்லை.

இனி கொம்பனித்தெருவின் தெருப்பெயர்களுக்கு வருவோம். மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி, கியூ வீதி. உண்மையில் அங்கே பார்க்க வேண்டிய முதல் பொருள் இந்தப் பெயர்ப்பலகைகள்தான். நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை.

மலேயும் ஜாவாவும் ஏன் வந்தன? அடிமைகள் மட்டும் வரவில்லை. கொம்பனிக்கு அடங்காத அரசர்களும் ஆலிம்களும் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வந்தார்கள். மக்கஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப் 1684 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இங்கே இருந்த காலத்தில் அரபியில் நூல்கள் எழுதினார். ஹஜ் பயணிகள் வழியாக அவர் எழுதியவை ஊருக்குப் போய்ச் சேருகின்றன என்று கண்ட கொம்பனி, 1694 இல் அவரை இன்னும் தூரமாக, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. இன்று அங்குள்ள முஸ்லிம்கள் அவரைத் தங்கள் முன்னோடியாக மதிக்கிறார்கள். ஜாவாவின் மாத்தராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் குடும்பத்தோடு இங்கே கொண்டுவரப்பட்டு, ஊர் திரும்பாமலே மௌத்தானார். அடிமையும் அரசனும் ஒரே கொம்பனியின் கப்பலில்தான் வந்தார்கள். இருவருக்கும் திரும்பிப்போகும் பயணச்சீட்டு இருக்கவில்லை.

மூன்றாவது கூட்டம் படைவீரர்கள். கொம்பனிக்காகச் சண்டை பிடிக்க வந்தவர்களை, 1796 இல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயர் தங்கள் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதுதான் பிறகு இலங்கை ரைபிள் படையானது. அவர்களுடைய குடியிருப்புத்தான் ரைபிள் வீதி. 1873 இல் அந்தப் படையைக் கலைத்தபோது பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சிறைக்காவலிலும் சேர்ந்தார்கள். சிலர் தோட்டங்களுக்குப் போனார்கள். படை கலைய முதல் வருடமே, 1872 இல், மலே கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கியிருந்தார்கள். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த எங்கள் பொடியன்மாருக்கு இது ஒன்றே போதும், அந்தத் தெருவில் ஒரு மணித்தியாலம் நடக்க.

எங்களைப் போன்ற வாசிப்புக்காரருக்கு வேறொன்று. பாபா யூனுஸ் சால்டின் என்ற மலே மனிதர் 1869 இல் கொழும்பிலிருந்து ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலே மொழிப் பத்திரிகையை வெளியிட்டார். அரபு எழுத்தில் மலே மொழியை எழுதும் ‘ஜாவி’ முறையில் அச்சான மிகப் பழைய பத்திரிகைகளில் அது ஒன்று. சிங்கப்பூரின் ‘ஜாவி பெரானக்கான்’ அதற்குப் பிறகு 1876 இல்தான் வந்தது. ஜாவி என்றால் பயப்பட வேண்டாம். எங்கள் உம்மம்மாமார் அரபுத்தமிழில் தலைஃபாத்திஹாவும் மாலைகளும் ஓதினார்களே, அதே வேலைதான். பேச்சு ஒன்று, எழுத்து அரபு.

தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு இன்னும் ருசியான செய்தி உண்டு. இலங்கை மலே மொழியின் சொற்கள் மலேயாக இருந்தாலும், வசனம் நடக்கிற நடை தமிழுக்கு நெருங்கியது. மலேசியாவில் ‘கெ ரூமா’ என்பார்கள். ‘க்கு’ முன்னே, ‘வீடு’ பின்னே. இங்கே ‘ரூமா-நங்’. எங்கள் ‘வீட்டுக்கு’ மாதிரியே உருபு பின்னால் வருகிறது. வினையும் வசனத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. தமிழ் பேசும் முஸ்லிம்களோடு கலந்து வாழ்ந்ததும் சம்பந்தம் செய்ததும் இதற்கு ஒரு காரணம் என்று மொழியியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். சிங்களத்தின் பங்கும் உண்டு என்பார்கள். வேற்றுமை உருபைக் கரும்பலகையில் எழுதிக் களைத்துப்போகிற நாங்கள், அடுத்த முறை நான்காம் வேற்றுமைக்கு இந்த உதாரணத்தைச் சொல்லிப் பார்க்கப்போகிறோம். 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் மலேயர் 40,000 பேருக்குச் சற்று மேல். பிள்ளைகளிடம் அந்த மொழி குறைந்துகொண்டே போகிறது.

கியூ வீதி தனிக்கதை. 1810 இல் ஆங்கிலேயர் இந்த இடத்தில் ஒரு தாவரத் தோட்டம் போட்டு, இலண்டனிலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள், கியூ என்று. 1813 இல் அது களுத்துறைக்குப் போனது, 1821 இல் பேராதனைக்கு. ஒவ்வொரு பாடசாலைச் சுற்றுலாவிலும் நாங்கள் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளை எண்ணி உள்ளே விடுகிற பேராதனைப் பூங்காவின் முதல் வேர் இந்தத் தெருவில் ஊன்றியது. தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. அதே கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் கோபுரம் நிற்கிறது. சற்றுத் தள்ளி வேகந்தைப் பள்ளிவாசல். பந்தான் பாலி என்ற ஜாவா மனிதர் 1786 இல், ஒல்லாந்தர் காலத்திலேயே, கட்டியது என்பது அதன் வரலாறு. நாடுகடத்தப்பட்டு வந்த இடத்தில் காணி வாங்கிப் பள்ளி கட்டுவது லேசான காரியமில்லை. அந்தக் காலத்தில் சோனகரிடம் ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலை வாங்கப்பட்டதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

யானை மார்க் ஐஸ்கிறீமும் நெக்டோவும் நீண்டகாலம் இந்தக் கொம்பனித்தெருவில்தான் செய்யப்பட்டன. அந்தத் தொழிற்சாலை இருந்த கிளெனி வீதிப் பக்கத்தில் இன்று வானளாவிய ஹோட்டல் கட்டடம் நிற்கிறது, 2024 இல் திறந்தது. சூதாட்டக் கூடமும் அதே வளாகத்தில் வந்திருக்கிறது. வெளியே நின்று பார்ப்பதோடு எங்கள் அலுவல் முடிந்தது.

வாவிக்குள் மிதப்பது போல இருக்கிற சீமமாலக்கய பௌத்த மண்டபம் ஜெப்ரி பாவா வரைந்தது, 1970களில் கட்டியது. அதற்குப் பணம் கொடுத்தவர் மூசாஜி என்ற முஸ்லிம் வியாபாரி. இறந்துபோன மகனின் நினைவாகக் கொடுத்தார். நாங்கள் கேட்டவரையில் இது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய காலம் இது.

மூன்றாவது, ரியோ படமாளிகை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று 1965 இல் திறந்தது. அகலத் திரையும் நல்ல ஒலியும் என்று அந்தக் காலத்தில் கொழும்பே பேசிய இடம். 1983 ஜூலையில் எரித்தார்கள். எரிந்த சுவடுகளோடு பல வருடம் அது நின்றது. 2015 இல் கொழும்பின் ஒரு கலை விழாவை அந்தச் சுவர்களுக்குள்ளேயே நடத்தினார்கள். இளைஞர்கள் வந்து புகையேறிய சுவருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் பிழை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் புகை எந்த ஜூலையில் படிந்தது என்று தெரிந்து எடுத்தார்களா என்பது எங்களுக்குள் இருக்கிற கேள்வி.

இப்போது, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம்.

இந்த ஒழுங்கைகளில் தலைமுறையாக இருந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாக அங்கிருந்து அகற்றப்படுகிறது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் இருபதளவு வீடுகளைப் படையினர் பாதுகாப்புக் கொடுக்க இயந்திரம் வைத்து இடித்தார்கள். அந்த வருடம்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. சில வருடத்தில் ஜாவா ஒழுங்கைப் பக்கமும் பெரிய கட்டடத் திட்டத்துக்கு எடுக்கப்பட்டது. தொடர்மாடி வீடு தருவோம், அதுவரை வாடகைக்கு இருங்கள் என்று கடிதம். அந்த ‘அதுவரை’ பலருக்கு வருடக்கணக்கில் நீண்டது. மலேயர், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லாரும் கலந்திருந்த ஒழுங்கைகள் அவை. சிலருக்கு உறுதி இருந்தது, வரிப் பற்றுச்சீட்டு இருந்தது. இருந்தும் அவர்களை ஏதோ அத்துமீறிக் குடியேறியவர்கள் போலப் பேசினார்கள்.

கடைசியில் வீடு கிடைத்தவர்கள் உண்டு. புது வீடு, குழாய்த் தண்ணீர், லிப்ட். அதை வேண்டாமென்று சொல்ல நாங்கள் யார்? மழைக்கு ஒழுகுகிற கூரைக்கு மேல் பழமையின் அழகை ரசிப்பது, வெளியே இருந்து வருகிறவனுக்குச் சுலபம். ஆனால் முற்றத்தில் அடுப்பு வைத்து இடியப்பம் அவித்து வாசலில் விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் யார் வாங்க வருவது? ஒரு மௌத் வீட்டில் ஜனாஸாவைக் குளிப்பாட்ட எந்த இடம்? இந்தக் கேள்விகள் எந்தப் படிவத்திலும் இல்லை.

உறவுகளே, இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊருக்குப் பாடம் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு பையோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் எங்களில் இருக்கிறார்கள். 1997 இல் சண்டை புளியங்குளத்துக்குள் வந்தபோது ஓடி, 2009 இல் செட்டிகுளத்துக் கூடாரத்தில் வரிசையில் நின்ற தமிழ்ச் சனத்தின் பிள்ளைகளும் எங்களில் இருக்கிறார்கள். உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். குண்டு போட்டுக் கிளப்பியதும் கடிதம் போட்டுக் கிளப்பியதும் ஒன்றல்ல. ஆனால் திரும்பிப் போய்ப் பார்த்தால் வாசல் எது என்று அடையாளம் தெரியாமல் நிற்பது ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் அரசு ஒரு முடிவு எடுத்தது. இனி ஆங்கிலத்திலும் ‘ஸ்லேவ் ஐலன்ட்’ என்று எழுதக்கூடாது, மூன்று மொழியிலும் கொம்பனித்தெருவின் பெயர்தான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார்தான் ‘அடிமைத் தீவில் இருக்கிறேன்’ என்று முகவரி எழுத விரும்புவார்? ஆனால் கணக்குப் பாருங்கள். எடுத்த பெயர் அடிமைகளுடையது. விட்ட பெயர் அவர்களை வைத்திருந்த கொம்பனியுடையது. பெயரை எடுத்ததுபோல அவர்களுக்காக ஒரு கல்லையாவது வைத்திருக்கலாம். இப்படி ஒரு கல் வேண்டும் என்று எங்கள் உயர்தர வரலாற்று மாணவர்கள் ஒரு கடிதம் எழுதினால், கையெழுத்து வைக்க நாங்கள் தயார்.

சரி, பயணத்துக்கு வருவோம். எங்கள் யோசனை இதுதான், பெற்றார் கருத்துச் சொல்லுங்கள். கோபுரமும் படகும் பட்டியலில் இருக்கட்டும். அதற்கு முதல் காலையில் இரண்டு மணித்தியாலம் கொம்பனித்தெருவுக்கு. கோட்டை நிலையத்தில் இறங்கிக் கரையோரப் பாதை ரெயில் எடுத்தால் செயலக நிறுத்தத்துக்கு அடுத்தது கொம்பனித்தெரு. அந்தப் பழைய நிலையமே பார்க்கத்தக்கது, பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் வாசிக்கச் சொல்வோம். பிறகு ஜாவா ஒழுங்கை, மலே வீதி, கியூ வீதிக் கோவில், வேகந்தைப் பள்ளி. லுஹருக்கு முன் பள்ளிக்குப் போய்விட வேண்டும். பொம்பிளைப் பிள்ளைகள் உள்ளே வருவது பற்றி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வைப்போம். கோவிலுக்கும் பள்ளிக்கும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தே போவார்கள், தொழுகையும் பூசையும் அவரவர் விருப்பம். வாவிக் கரைக்கு வந்து சீமமாலக்கய. அதன் பிறகு படகு.

சனம் இருக்கிற ஒழுங்கைக்குள் போனை நீட்டிக்கொண்டு போவதில்லை என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் இருக்கிற பெரியவர்களுக்கு முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்ல வேண்டும். கேட்டால் கதை சொல்வார்கள்.

சாப்பாடு பற்றிப் பலர் கேட்பீர்கள். அங்கே மலே சமையலில் பெயர் எடுத்தது பிட்டும் பாபத்தும். பாபத் என்றால் மாட்டுக் குடல் கறி. மாடு சாப்பிடாத பிள்ளைகளுக்குச் சைவக் கடையில் வேறாக ஏற்பாடு செய்வோம், யாரும் யோசிக்க வேண்டாம். பிட்டு எங்கள் ஊர்ச் சாமான் என்று இறுமாப்போடு இருக்கிறவர்கள் அங்கே ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கைப் பஸ் விலை தெரிந்ததும் போடுகிறோம். வசதி குறைந்த பிள்ளைகளின் பங்கை ஏற்க விரும்புகிறவர்கள் இங்கே பெயர் போடாமல் எங்களோடு தனியாகக் கதையுங்கள்.